பாறை ஏறும் ஆர்.சி. வண்டிக்கு மலிவு மோட்டாரும் ஈ.எஸ்.சி.யும்: புதுச்சேரியிலிருந்து ஒரு ரிவியூ

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நேரம் இல்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பாறை ஏறும் ரிமோட் வண்டியான க்ராலருக்கு மோட்டார், அந்த மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. இரண்டுக்கும் சேர்த்து நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய்தான் கையில் இருக்கிறது என்றால், அதில் பெரும்பங்கை ஈ.எஸ்.சி.க்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் ஒரு சாதாரண 540 அளவு பிரஷ்டு (கார்பன் பிரஷ் வைத்த) மோட்டார் வாங்குங்கள். நல்ல ஈ.எஸ்.சி.யோடு மலிவு மோட்டார் அழகாக ஓடும். விலை உயர்ந்த மோட்டாரோடு மட்டமான ஈ.எஸ்.சி. சேர்ந்தால் அந்த மோட்டாருக்குக் கொடுத்த காசு வீண்தான்.

இங்கே பலர் தலைகீழாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். பந்தய வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு மோட்டார்தான் கண்ணுக்குத் தெரியும், எத்தனை ஆர்.பி.எம்., எவ்வளவு வேகம் என்றுதான் முதல் கேள்வி வரும். க்ராலருக்கு வேகம் தேவையே இல்லை. அதற்கு வேண்டியது த்ராட்டிலைத் தொட்டதும் உதறாமல் மெல்ல நகர்வது, சரிவில் விரலை எடுத்தால் அங்கேயே நிற்பது, இரண்டு கல்லுக்கு நடுவே சக்கரம் சிக்கியிருக்கும்போதும் ஸ்டியரிங் சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்) முழு பலத்தோடு திரும்புவது. இந்த மூன்றில் முதலாவதில் மட்டும்தான் மோட்டாருக்குப் பாதிப் பங்கு. மற்ற இரண்டும் முழுக்க ஈ.எஸ்.சி.யின் வேலை.

நான் ஓட்டுவது 1.9 இன்ச் வீல் போட்ட, பத்தில் ஒரு பங்கு அளவிலான வண்டி. ஓட்டும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன், இடத்தைப் பொறுத்துத்தான் இந்த ரிவியூவுக்கு அர்த்தம். ஒன்று புதுச்சேரி பீச் ரோட்டில் கடல் அரிப்புக்காகக் கொட்டி வைத்திருக்கும் கருங்கல் கரை. விடியற்காலையில் போனால் ரோட்டில் வண்டி வராது, நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களைத் தவிர ஆள் தொந்தரவும் இல்லை. அலை வந்து அடிக்கும் கீழ்க் கற்களுக்கு இறங்க வேண்டாம், பாசி பிடித்து வழுக்கும், வண்டி போனாலும் பரவாயில்லை, நாம் விழக்கூடாது. இரண்டாவது ஆரோவில் பக்கம் மழைநீர் அறுத்துக்கொண்டு போன செம்மண் பள்ளங்கள். மூன்றாவது கடலூர் கேப்பர் மலைச் சரிவு. கருங்கல்லில் டயர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஒவ்வொரு கல்லும் ஒரு படி. செம்மண்ணில் படி கிடையாது, நீளமான சரிவும் உதிரும் மண்ணும்தான். இரண்டிலும் சோதித்த பிறகுதான் எழுதுகிறேன். திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கு வண்டியைக் கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அது பாதுகாக்கப்பட்ட இடம்.

சரி, ஈ.எஸ்.சி.க்கு வருவோம். ஆன்லைனில் தேடினால் முதலில் வருவது சின்ன ஃபேன் வைத்த, மேலே '320 ஆம்பியர்' என்று எழுதிய மலிவுப் பெட்டி. ரோபாட்டிக்ஸ் சாமான் விற்கும் எல்லாரிடமும் இருக்கும். அந்த எண்ணை நம்பாதீர்கள். அதிலிருந்து வெளியே வரும் ஒயரின் தடிமனைப் பாருங்கள், 320 ஆம்பியர் தொடர்ந்து போனால் அந்த ஒயர் உருகிவிடும். விளையாட்டுப் படகுக்கோ சமதளத்தில் ஓடும் காருக்கோ அது போதும், நான் குறை சொல்லமாட்டேன். க்ராலருக்கு ஆகாது. நான் பார்த்த 320களில் டிராக் பிரேக், அதாவது விரலை எடுத்ததும் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வசதி, இல்லை. கேப்பர் மலைச் சரிவில் த்ராட்டிலை விட்டதும் வண்டி நியூட்ரலில் விட்ட லாரி போல உருண்டு கீழே போய்விடும். கடலூரிலிருந்து எங்களோடு ஓட்ட வரும் தம்பி ஒருவர், "அண்ணா, ரிவர்ஸை லேசா அழுத்திப் பிடிச்சா நிக்குதே" என்றார். நிற்கும்தான், ஆனால் அப்படிப் பிடிக்கும்போது விரல் கொஞ்சம் கூடினால் வண்டி பின்னால் எகிறும், அந்த இடத்தில் பின்னால் எகிறினால் கவிழ்வது நிச்சயம்.

டிராக் பிரேக் என்ன செய்கிறது என்று தெரிந்தால் அதன் அருமை புரியும். த்ராட்டில் நடுவில் இருக்கும்போது ஈ.எஸ்.சி. மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று ஷார்ட் செய்துவிடுகிறது. வண்டியின் எடை சக்கரத்தை உருட்ட, சக்கரம் கியர் வழியாக மோட்டாரைச் சுற்ற, சுற்றும் மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரம் உண்டாக்க, போக வேறு வழியில்லாத அந்த மின்சாரம் மோட்டாருக்குள்ளேயே ஓடி, சுழற்சியை எதிர்க்கிறது. அதனால்தான் பேட்டரியைத் தின்னாமல் பிரேக் கிடைக்கிறது. இன்னொன்றும் இதிலிருந்தே விளங்கும்: மோட்டார் கொஞ்சமாவது சுற்றினால்தான் எதிர்ப்பு பிறக்கும், ஆகவே பிரஷ்டு மோட்டாரில் வண்டி செங்குத்துச் சரிவில் முழுக்க உறைந்து நிற்காது, மிக மெல்ல ஊரும். கியர் ரிடக்‌ஷன் அதிகமுள்ள வண்டியில் அந்த ஊர்தல் கண்ணுக்கே தெரியாது.

இப்போது நான் பரிந்துரைக்கும் இரண்டு. ஹாபிவிங் க்விக்ரன் 1060, ஹாபிவிங் க்விக்ரன் 1080. இரண்டுமே பிரஷ்டு, இரண்டுமே 2 எஸ், 3 எஸ் லைப்போ (இரண்டு அல்லது மூன்று செல் உள்ள லித்தியம் பேட்டரி) எடுத்துக்கொள்ளும், இரண்டுமே தண்ணீர் புகாத வகை.

1060 மலிவானது, 60 ஆம்பியர். இதில் செட்டிங் எல்லாம் பிடுங்கி மாற்றிச் செருகும் சின்ன ஜம்பர்களில் இருக்கிறது. ஒன்று பேட்டரி வகைக்கு, லைப்போவா நிக்கலா என்று. லைப்போ போட்டுவிட்டு ஜம்பரை நிக்கலில் விட்டால் செல் காலியாகிச் சாகும்வரை ஈ.எஸ்.சி. நிறுத்தாது, அதனால் பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை இந்த ஜம்பரைப் பார்ப்பது. இன்னொன்று ஓடும் முறைக்கு. அதை முன், பின் மட்டும் என்ற க்ராலர் நிலையில் வைத்தால் பிரேக்குக்காகக் காத்திருக்காமல் நேராக ரிவர்ஸ் எடுக்கும், டிராக் பிரேக்கும் முழுசாக வரும். முழுசாக வரும் என்பதுதான் இதன் குறையும். கூட்டிக் குறைக்க முடியாது. செம்மண் சரிவில் வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது த்ராட்டிலைச் சட்டென்று விட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டதுபோல நின்று, பின்பக்கம் தூக்கி வண்டி குட்டிக்கரணம் போடப் பார்க்கும். விரலை மெதுவாக எடுக்கப் பழகினால் சமாளிக்கலாம். முதல் வண்டிக்கு, அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வாங்கித் தருகிறீர்கள் என்றால் 1060 போதும், அதில் தயங்கவே வேண்டாம்.

1080 ஏறக்குறைய இருமடங்கு விலை, 80 ஆம்பியர். ஆம்பியருக்காக வாங்காதீர்கள், க்ராலர் அந்த அளவை நெருங்கவே நெருங்காது. வாங்க வேண்டிய காரணம் அதனோடு பேசும் ப்ரோக்ராம் கார்டு. டிராக் பிரேக் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்பதையும், விரலை எடுத்த பிறகு அந்தப் பிரேக் எவ்வளவு சீக்கிரம் முழு பலத்துக்கு வர வேண்டும் என்பதையும் தனித்தனியாக வைக்கலாம். இந்த இரண்டாவது செட்டிங்தான் என் மனதைப் பிடித்தது. பலத்தை முழுசாக வைத்துவிட்டு அது வந்து சேரும் வேகத்தை மட்டும் குறைத்தேன், செம்மண் பள்ளத்தில் அந்தக் குட்டிக்கரணம் அறவே நின்றுபோனது, வண்டி ஒரு நிஜ ஜீப் எடையோடு இறங்குவதுபோல நிதானமாக வந்து நிற்கிறது. பீச் ரோட்டுக் கற்களில் இதற்கு நேர்மாறாக வேகத்தைக் கூட்டி வைப்பேன், அங்கே ஒரு கல்லின் விளிம்பில் முன்சக்கரத்தை வைத்து அந்த நொடியே நிறுத்தியாக வேண்டும். கார்டு சேர்த்து விற்கிறார்களா, தனியாகவா என்று வாங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். கார்டு இல்லாத 1080 வாங்குவதில் பொருளே இல்லை, அதற்கு 1060 வாங்கிவிட்டு மிச்சத்தில் நல்ல டயர் போடலாம்.

அடுத்தது யாரும் கவனிக்காத விஷயம், பி.இ.சி. பேட்டரியிலிருந்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் பகுதி அது. க்ராலருக்கு இருபது இருபத்தைந்து கிலோ டார்க் (திருப்பும் பலம்) உள்ள சர்வோ போடுகிறோம், அது கல்லில் முட்டித் திணறும்போது இரண்டு மூன்று ஆம்பியர் சாதாரணமாக இழுக்கும். 1060 கொடுப்பதே அந்த அளவுதான், அதுவும் 6 வோல்ட்டில். அப்போது வோல்டேஜ் விழுந்து ரிசீவர் ஒரு கணம் அணைந்து மறுபடி எழும், வண்டி கையை விட்டுப் போனதுபோலத் தோன்றும். ரேடியோ கெட்டுவிட்டது என்று புது ரேடியோ வாங்கியவர்கள் உண்டு. கோளாறு ரேடியோவில் இல்லை. 1080ல் பி.இ.சி.யை 6 வோல்ட், 7.4 வோல்ட் என்று மாற்றிக்கொள்ளலாம். சர்வோ 7.4 தாங்கும் என்று அதன் லேபிளில் எழுதியிருந்தால் தாராளமாக அதில் வையுங்கள், திரும்பும் பலம் கண்கூடாகக் கூடும். 1060 வைத்திருக்கிறவர்கள் 5 ஆம்பியர் யூ.பி.இ.சி. (வெளியே தனியாகப் போடும் பி.இ.சி.) ஒன்றைப் பேட்டரியிலிருந்தே எடுத்து சர்வோவுக்குக் கொடுங்கள். அதைப் போட்டால் ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்குப் போகும் மூன்று ஒயரில் நடுவிலுள்ள சிவப்பை ப்ளக்கிலிருந்து எடுத்துவிட்டு டேப் சுற்ற வேண்டும், இரண்டு சப்ளை ஒரே ரிசீவரில் மோதக்கூடாது.

இனி மோட்டார். 540 என்பது உருளையின் அளவு: 36 மில்லிமீட்டர் சுற்றளவல்ல, விட்டம். நீளம் ஏறக்குறைய 50. ஷாஃப்ட் 3.175 மில்லிமீட்டர், முன்பக்க ஸ்க்ரூ துளைகளுக்கு இடையே 25. இந்த அளவுகளை ஸ்கேல் வைத்துப் பார்த்து வாங்கினால் எந்த பிராண்டு மோட்டாரும் உட்காரும். 550 என்பது அதே விட்டத்தில் நீளமானது. டார்க் கூடுதல்தான், ஆனால் பல சேசிஸில் நீளம் இடிக்கும், எடையும் ஏறும்.

டர்ன் என்ற எண்தான் அடுத்தது. உள்ளே ஒவ்வொரு பல்லிலும் கம்பி எத்தனை சுற்று என்பது அது. சுற்று கூடக்கூட வேகம் குறையும், ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் டார்க் கூடும். கடைகளில் 35, 45, 55, 80 என்று கிடைக்கிறது. எது வேண்டும் என்பதை பேட்டரியோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், தனியாக முடியாது. வேகம் தோராயமாக வோல்டேஜை டர்னால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைப் பொறுத்தது. 2 எஸ் பேட்டரியில் 35 டர்ன்: 7.4ஐ 35ஆல் வகுத்தால் 0.21. 3 எஸ் பேட்டரியில் 55 டர்ன்: 11.1ஐ 55ஆல் வகுத்தால் 0.20. பார்த்தீர்களா, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம். ஆனால் இரண்டாவதில் அதே வேலைக்குக் குறைந்த ஆம்பியர் போதும், ஒயரும் ஈ.எஸ்.சி.யும் சூடாவது குறையும். மே மாத வெயிலில் கடலூரில் நிழல் இல்லாத இடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆகவே என் பரிந்துரை, 2 எஸ் என்றால் 35, 3 எஸ் என்றால் 55, கொஞ்சம் வேகமும் வேண்டும் என்றால் 3 எஸ்ஸில் 45. 80 டர்ன் 2 எஸ்ஸில் ஊர்வதைப் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் செம்மண்ணில் மேலேற சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுழன்று மண்ணை வாரித் தள்ள வேண்டியிருக்கும், அதற்கு அதில் மூச்சில்லை.

சர்பாஸ் ஹாபி, இஞ்சோரா போன்ற பெயர்களில் வரும் மலிவு 540கள் என் வேலைக்குப் போதுமானவை. வாங்கி வந்ததும் ஒன்று செய்யுங்கள். ஒயர் எதுவும் இணைக்காமல் ஷாஃப்ட்டை விரலால் மெல்லச் சுற்றுங்கள். காந்தம் பிடித்துப் பிடித்து விடுவது கையில் தெரியும். ஒரு முழுச் சுற்றில் ஆறு இடத்தில் பிடித்தால் உள்ளே சுற்றும் ஆர்மேச்சரில் மூன்று ஸ்லாட், பத்து இடத்தில் லேசாகப் பிடித்தால் ஐந்து ஸ்லாட். ஐந்து ஸ்லாட் மோட்டார் மிகக் குறைந்த வேகத்தில் தெளிவாக, உதறாமல் ஓடும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து ஸ்லாட் எடுங்கள். மோட்டாரில் கூடுதலாகச் செலவு செய்யத் தகுந்தது என்று நான் நினைப்பது அது ஒன்றைத்தான். ஹோம்ஸ் ஹாபீஸ் போன்ற க்ராலருக்கென்றே மோட்டார் செய்பவர்களின் சரக்கு இன்னும் மேல்தரம், ஆனால் இங்கே வந்து சேரும் விலையில் அது பட்ஜெட் பேச்சுக்குள் வராது.

பழைய சாமான் கடையில் கிடைக்கும் கார்ட்லெஸ் ட்ரில் மோட்டாரைப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். உருவத்தில் 550தான், துளைகளும் ஷாஃப்ட்டும்கூடப் பொருந்திவிடும். ஆனால் அது கியர்பாக்ஸை நம்பி வேகமாகச் சுற்றச் செய்யப்பட்டது, சுற்று குறைவு, ஆம்பியரை அள்ளிக் குடிக்கும். 1060, 1080 இரண்டிலும் 3 எஸ்ஸில் 18 டர்னுக்குக் கீழே போகாதீர்கள் என்று கம்பெனியே சொல்கிறது. ட்ரில் மோட்டாரில் எத்தனை டர்ன் என்று யாருக்கும் தெரியாது. 775 மோட்டார் வேண்டவே வேண்டாம், ஷாஃப்ட் 5 மில்லிமீட்டர், உடம்பும் பெரிது, ஷாஃப்ட்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரமான பினியனே பொருந்தாது.

புது மோட்டாரை நேராகப் பாறையில் ஏற்ற வேண்டாம். கார்பன் பிரஷ்ஷின் முனை, அது உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரின் வளைவுக்கு இன்னும் படிந்திருக்காது, சின்ன இடத்தில் மட்டும் தொட்டுப் பொறி பறக்கும். இரண்டு பென்சில் செல்லை வரிசையாக வைத்து 3 வோல்ட்டில் சுமை இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், சத்தம் கரகரப்பிலிருந்து ஒரே சீரான ஓசைக்கு மாறும். அப்புறம் ஷாஃப்ட்டைத் தாங்கும் இரண்டு புஷ்ஷிலும் ஒரு சொட்டு தையல் மெஷின் ஆயில். மோட்டாரில் கெபாசிட்டர் இல்லையென்றால் 104 என்று எழுதிய செராமிக் கெபாசிட்டர் மூன்று வாங்கி, ஒன்றை இரண்டு முனைகளுக்கு நடுவிலும் மற்ற இரண்டை ஒவ்வொரு முனையிலிருந்து உடம்புக்கும் சால்டர் செய்துவிடுங்கள். எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், பொறியால் ரேடியோவில் வரும் இரைச்சல் அடங்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது உப்பு. ஈ.எஸ்.சி. பெட்டியில் வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கு. பேட்டரி ப்ளக்குக்கு அல்ல, ஸ்விட்ச்சுக்கு முழுசாக அல்ல, மோட்டாருக்கு நிச்சயமாக அல்ல. பிரஷ்டு மோட்டார் ஏரித் தண்ணீரில் நனைந்தால் பிரஷ் கொஞ்சம் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். கடல் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், பித்தளை முனைகள் பச்சை பிடிக்கும், ஷாஃப்ட் துருப்பிடிக்கும், காய்ந்த உப்பு புஷ்ஷில் மணல்போல உரசும். தேவனாம்பட்டினம் ஈர மணலில் ஓட்டி, அப்படியே பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோன மோட்டார் ஒன்று மறுவாரம் சுற்றவே மறுத்ததைப் பார்த்திருக்கிறேன். கடற்கரைக்கு எடுத்துப் போனால் திரும்பியதும் பேட்டரியைக் கழற்றிவிட்டு மோட்டாரையும் கனெக்டர்களையும் நல்ல தண்ணீரில் கழுவி, ஊதிக் காயவைத்து, புஷ்ஷில் மறுபடி எண்ணெய் விடுங்கள். மூடிய மலிவு மோட்டாரை இங்கே விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். கழுவியும் போனால் போகட்டும், ஈ.எஸ்.சி. தப்பித்தால் மோட்டாரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இதே காரணத்தால்தான் ஹாபிவிங் ஃப்யூஷன் எஸ்.இ.யை எல்லாருக்கும் சொல்லத் தயங்குகிறேன். அது மோட்டாரும் ஈ.எஸ்.சி.யும் ஒரே உருளைக்குள் இருக்கும் சென்சார் உள்ள பிரஷ்லெஸ் வகை, 1200 கேவி, 1800 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது) என்று வருகிறது. நண்பர் ஒருவருடைய வண்டியில் ஓட்டிப் பார்த்தேன். ஊர்வதிலும் சரிவில் நிற்பதிலும் நான் மேலே சொன்ன எந்த பிரஷ்டு ஜோடியும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது, அதை மனதாரச் சொல்கிறேன். பிரஷ் தேயும் கவலையும் இல்லை. ஆனால் விலை 1060ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல், ஒரு பாதி கெட்டால் மறுபாதியும் சேர்ந்து போகும். செம்மண்ணில் மட்டும் ஓட்டுகிறவர், காசு சேர்த்துக் காத்திருக்க முடிகிறவர் அதையே வாங்கலாம். சென்சார் இல்லாத மலிவு பிரஷ்லெஸ் செட் பக்கம் மட்டும் போகாதீர்கள், குறைந்த வேகத்தில் ரோட்டார் எங்கே இருக்கிறது என்று ஈ.எஸ்.சி.க்குத் தெரியாமல் திக்கித் திக்கி உதறும், க்ராலருக்கு அது ஒத்தே வராது.

வாங்கும்போது சில விஷயங்கள். புதுச்சேரியில் கடைக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் அளவுக்கு இந்தச் சாமான் கிடைப்பதில்லை, ஆன்லைன்தான். லைப்போ பேட்டரியையும் ஈ.எஸ்.சி.யையும் ஒரே ஆர்டரில் போடாதீர்கள், லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு இருப்பதால் மொத்தப் பார்சலும் தரை வழியாக மெதுவாக வரும். ஈ.எஸ்.சி.யில் எந்த ப்ளக் இருக்கிறது என்று பாருங்கள். பழைய வெள்ளை டமியா ப்ளக் 3 எஸ்ஸில் சூடாகி இளகும், எக்ஸ்.டி.60 போட்டுவிடுங்கள், வீட்டில் சால்டரிங் அயர்ன் இல்லையென்றால் பக்கத்து டி.வி. ரிப்பேர் கடையில் கேட்டால் செய்து தருவார்கள், சிவப்பு கறுப்பு மாறாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பினியனை மோட்டாரோடு சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள், பினியனோடு சேரும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியரின் பல் அளவு 32 பிட்ச்சா 48 பிட்ச்சா என்று வண்டியின் மேனுவலில் பார்த்த பிறகு.